வலது சப்பாத்தில் கட்டிய ரியூப்

மெல்பேணில், நோபல் பார்க்கில் நாங்கள் குடியிருந்த பிளாற்றில் ரெலிபோன் குசினிச் சுவரில் மாட்டியிருந்தது. அது அடித்தாலே எனக்குப் பயம். ஊரிலிருந்து அந்த நாட்களில் யாரும் சும்மா எடுப்பதில்லை. தொழிற்சாலையிலிருந்து என்றால் நான் ஏதோ பிழை விட்டிருக்கிறேன். மனைவி வேலைசெய்த ஆஸ்பத்திரியிலிருந்து என்றால் அவளுக்கு ஏதோ நடந்துவிட்டது. இந்த மூன்றையும் வரிசையாக நினைத்துப் பயந்து முடித்த பிறகுதான் நான் றிசீவரைக் கையில் எடுப்பேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம் அது. அன்று எடுத்தவர் எஞ்சினியர். கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நல்ல மனிதர், என்னைவிட ஐந்தாறு வயது இளமை. என் மூன்று பயத்திலும் சேராத ஒரு செய்தியைச் சொன்னார்.

"அண்ணை, எங்கட சென்ரர் போவேட் செத்துப்போனான். செங்கமாரியாம். பத்து நாள்தான் கிடந்தவனாம்."

யாரைச் சொல்கிறார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எஞ்சினியர் படித்த கல்லூரிக்காக நான்கு வருடம் உதைபந்து ஆடியவன். அவன் ஆடுகிற நாளில் பக்கத்துத் தெருக் கடைகளில் பாதி பூட்டிக் கிடக்கும். பிறகு வவுனியாவில் ஏதோ கந்தோரில் கிளாக்கராகப் போய்விட்டான் என்று கேள்வி. மஞ்சள்காமாலையில் சாகிற வயதல்ல, முப்பதும் ஆகவில்லை. கலியாணமும் ஆகவில்லை. நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை மனைவி ஓடிவந்து நிற்பாட்டினாள்.

எஞ்சினியர் "எங்கட" என்று சொன்னாரே, என் சிக்கல் முழுவதும் அந்தச் சொல்லில்தான் இருந்தது. நான் அந்தக் கல்லூரியில் படித்தவன் அல்ல. எந்தக் கல்லூரியிலும் படித்தவன் அல்ல. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அந்தக் கல்லூரியின் பின்கேற்றுக்கு நேரெதிரே, ஒழுங்கைக்கு இந்தப் பக்கம், ஒரு சைக்கிள் கடை இருந்தது. அதில் பத்து வருடம் வேலை செய்தேன். மைதான மதிலோடு ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் ஏறி நின்று மட்ச் பார்ப்பேன். கடைக்கு ஆள் வந்தால் இறங்கி ஓடிப்போய் ஒட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் ஏறுவேன். கல்லூரிக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

அவுஸ்திரேலியாவுக்கு வந்ததும் என் கெட்டித்தனத்தால் அல்ல. மாமாவின் மகளைக் கட்டினேன். அவள் நேர்ஸ். விசா அவளுடைய படிப்புக்குக் கிடைத்தது. நான் அவளுடைய கைப்பை மாதிரிக் கூட வந்தேன். வந்து டண்டினோங் பக்கம் ஒரு கார்த் தொழிற்சாலையில், கதவுகளுக்கு ரப்பர் பட்டி ஒட்டுகிற இடத்தில் நின்றேன். ரப்பரை விட்டு என்னால் எங்கேயும் போக முடியவில்லை.

அப்போது மெல்பேணில் எங்கள் ஆட்கள் கொஞ்சப்பேர்தான். அதில் முக்கால்வாசிப்பேர் டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன். இரண்டு யாழ்ப்பாணத்தார் புதிதாகச் சந்தித்தால் பெயரைக் கேட்கிறார்களோ இல்லையோ, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் முதல் வருடம் ஓர் இடத்துக்கும் போகவில்லை. பிறகு ஒரு பொங்கலுக்கு, ஒரு சேர்ச் மண்டபத்தை எடுத்துச் செய்தார்கள், மனைவி இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு மூலையில் எஞ்சினியர் யாரோடோ பந்துக்கதை கதைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சென்ரர் போவேட் ஆடிய கடைசிப் பெரிய மட்ச் இரண்டுக்கு ஒன்று என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"மூண்டுக்கு ரெண்டு," என்றேன். "ரெண்டுக்கு ரெண்டிலை இடைவேளை. மூண்டாவது கோல் முடியிறதுக்கு நாலு நிமிசம் இருக்கேக்கை."

எஞ்சினியர் எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "எங்கட பள்ளிக்கூடம் ஐசே," என்று மண்டபத்துக்கே சொன்னார். நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஆரோ கையில் பலகாரத் தட்டைத் தந்துவிட்டார்கள். அந்த ஒரு நிமிடம் போனது போனதுதான். பிறகு சொல்வதற்குச் சரியான நேரம் வரவில்லை. அடுத்த வருடம் பழைய மாணவர் இராச்சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். அதற்கடுத்த வருடம் கல்லூரிச் சின்னம் போட்ட கழுத்துப்பட்டி ஒன்று தந்தார்கள். எந்த விளையாட்டு ஹவுஸ் என்று கேட்டால் இருமுவேன். வகுப்பு மாஸ்ரர் யார் என்று கேட்டால் கழிவறை எங்கே என்று கேட்பேன். கூட்டம் என்றால் அரை மணித்தியாலம் முன்னாலேயே போய், அடுத்த தெருவில் காரை நிற்பாட்டிவிட்டு உள்ளேயே இருப்பேன். 

இதெல்லாம் மனைவிக்குத் தெரியும். "நீங்கள் வாயாலை ஒரு பொய்யும் சொல்லேல்லையே," என்பாள். "சும்மா நிண்டனீங்கள். அவ்வளவுதானே." சும்மா நின்றதுதான் பெரிய பொய் என்று எனக்குப் படும்.

செய்தி வந்து ஒரு மாதத்தால் எஞ்சினியர் திரும்பவும் ரெலிபோன் எடுத்தார். செத்தவனுடைய தகப்பனிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்திருக்கிறதாம்.

தகப்பன் அதே கல்லூரியில் முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவர். கட்டுப்பாடான மனிதர். பந்து என்றால் ஆகாது. மகன் மைதானத்தில் நிற்கிறபோது அவர் மாடி வகுப்பில் இருந்து கட்டுரை திருத்திக்கொண்டிருப்பார். அந்த யன்னல் மட்டும் சாத்தியிருக்கும். சோடாப் பெட்டியில் நின்று நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். இப்போது கண்ணில் புகை படர்ந்து, பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். அதை எஞ்சினியர் ரெலிபோனில் வாசித்தார்.

"என் மகன் விளையாடியதை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதை ஒரு கொள்கையாக வைத்திருந்தேன். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். பார்த்ததை எனக்குச் சொல்லுங்கள்."

 பிறகு சொன்னார்: "எழுதினா வாசிக்கக் கஷ்டப்படுவார் அண்ணை. கசெற்றிலை பேசி அனுப்புவம். சனிக்கிழமை பின்னேரம் என்ரை வீட்டை வாங்கோ. எங்கட பள்ளிக்கூடத்து டொக்டர் வாறார். சிட்னியிலை லிட்கத்திலையிருந்து எக்கவுண்டன் ரெயினிலை வாறான். உங்களுக்குத்தான் எல்லாம் வடிவா ஞாபகம். நீங்கள் கட்டாயம் பேசவேணும்."

சனிக்கிழமைக்கு இருந்த ஐந்து நாளும் நான் தொழிற்சாலையில் ஒட்டிய ரப்பர் பட்டியில் எத்தனை கோணலோ தெரியாது. காரணம் இதுதான். ஊரில் அந்தத் தமிழ் மாஸ்ரருக்குத் தெரியாத பழைய மாணவர் கிடையாது. முப்பது வருடப் பிள்ளைகளின் முகமும் குரலும் கையெழுத்தும் அவருக்குப் பாடம். நான் கசெற்றில் பேசினால், இவன் யார் என்று அவர் கேட்பார். கேட்டு எழுதுவார். அந்தக் கடிதத்தை எஞ்சினியர் எல்லாருக்கும் வாசிப்பார்.

பேசாமல் விடலாம் என்றால், அதுவும் முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கடைசி மட்ச்சைப் பற்றி வேறு எவருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். ஒருநாளும் மகனைப் பார்க்காத ஒரு தகப்பன் கேட்கிறார். அதைச் சொல்லாமல் விட்டால் அது என்னோடு செத்துப்போகும். சொன்னால், நான் யார் என்பதும் அதோடு சேர்ந்து வெளியே வரும். ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்ல வழியே இல்லை.

வெள்ளிக்கிழமை மனைவி கேட்டாள். "அப்ப என்ன முடிவு? காய்ச்சல் எண்டு சொல்லட்டோ?"

"சொல்லும்."

"எத்தினை டிகிரி?"

நான் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"நேர்ஸ் பெண்சாதி சொல்லுற காய்ச்சல். டொக்டர் வேறை அங்கை இருப்பார். டிகிரி கேப்பார்," என்றாள். சொல்லிவிட்டு என் சேட்டை அயன் பண்ணத் தொடங்கினாள். கழுத்துப்பட்டியையும் எடுத்துக் கதிரையில் போட்டாள். நான் அதைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தேன்.

எஞ்சினியரின் வீட்டு முன்னறையில் ஹீற்றர் எரிந்துகொண்டிருந்தது. நடு மேசையில் பற்றிஸ் தட்டுக்கும் தேத்தண்ணிக் கோப்பைகளுக்கும் நடுவில் கசெற் ரெக்கோடர். அதைச் சுற்றி நாங்கள் நாலு பேரும் செத்தவீட்டில் போலவும் பரீட்சைக்கு வந்தது போலவும் இருந்தோம். டொக்டர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். என் வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, மறந்திட்டீரோ?" என்று கேட்டார். இருமினேன்.

எஞ்சினியர் ஒழுங்கு சொன்னார். ஒவ்வொருவரும் முதலில் தான் எந்த வருடம், எந்த வகுப்பு என்று சொல்லவேண்டும். மாஸ்ரருக்கு ஆளைப் பிடிபட அதுதான் சுகம். 

எஞ்சினியர் முதலில் பேசினார். தான் பன்னிரண்டாம் வகுப்பு, அன்றைக்குக் கோல் கம்பத்துக்கு நேர் பின்னால் நின்றதாகவும், மூன்றாவது கோல் வலையில் பட்டு வலை பொங்கியது இப்போதும் கண்ணுக்குள் நிற்பதாகவும் சொன்னார். அந்த மைதானத்தில் கோல் கம்பத்துக்கு ஒருநாளும் வலை கட்டியதில்லை. நான் அதைச் சொல்லவில்லை.

டொக்டர் அழகாகப் பேசினார், மேடையில் பேசுகிற மாதிரி. இடதுகாலால் அடித்தான் என்றார். பொத்தானை அமத்தி நிற்பாட்டியதும் லிட்கம் எக்கவுண்டன் சண்டைக்கு வந்தார்.

"இடதோ? உமக்கு விசரே? வலது. வலதுகாலிலை கறுப்புப் பட்டி கட்டியிருந்தவனெல்லே. அந்தக் காலாலைதான் அடிச்சவன்."

"கறுப்புப் பட்டி கட்டினது தாய்க்கு," என்றார் டொக்டர். "அந்த வருசம்தானே தாய் செத்தவ. துக்கத்துக்குக் கட்டினவன்."

"துக்கத்துக்குக் கையிலை கட்டுவாங்கள் ஐசே, ஆர் சப்பாத்திலை கட்டுறது? அது கோயில் நூல். நேர்த்திக்குக் கட்டினது."

"நூல் இவ்வளவு அகலமோ?"

"ரெண்டும் இல்லை," என்றார் எஞ்சினியர். "ஸ்ரைல். ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்திலை பாத்துக் கட்டினவன். அடுத்த கிழமை நாங்கள் எல்லாரும் கட்டினமே, ஞாபகமில்லையோ? கறுப்புப் பட்டி கட்டாட்டி ஒருத்தனையும் பந்துக்குச் சேக்கமாட்டாங்கள்."

மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. எது?"

எனக்கு ஞாபகமிருந்தது. அடுத்த கிழமை ஐம்பது அறுபது பெடியள் பின்கேற்றால் ஓடிவந்து கறுப்பு ரப்பர் கேட்டதும், கடையிலிருந்த பழைய ரியூப் எல்லாம் இரண்டு நாளில் முடிந்துபோனதும், முதலாளி புதிதாக என்ன வியாபாரம் என்று விழித்ததும் ஞாபகமிருந்தது. அந்த மூவரில் யாராவது அன்று என்னிடம் வந்து கேட்டிருப்பார்கள். யார் என்று நானும் பார்க்கவில்லை. யாரிடம் வாங்கினோம் என்று அவர்களும் பார்த்திருக்கமாட்டார்கள்.

"போடுங்கோ," என்றேன். "நான் பேசுறன்."

எஞ்சினியர் பொத்தானை அமத்தினார். சின்னச் சக்கரங்கள் சுற்றின. நான் அவற்றையே பார்த்துக்கொண்டு பேசினேன். முகங்களைப் பார்த்திருந்தால் பேசியிருக்கமாட்டேன்.

"மாஸ்ரர், எனக்கு வருசமும் இல்லை, வகுப்பும் இல்லை. நான் உங்கட பள்ளிக்கூடத்திலை படிக்கேல்லை. பின்கேற்றுக்கு எதிரிலை சைக்கிள் கடையிலை நிண்டவன் நான். உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்கட சைக்கிளுக்கு ரெண்டு மூண்டு தரம் காத்தடிச்சிருக்கிறன்.

"அண்டைக்கு இடைவேளைக்கு உங்கட மகன் பின்கேற்றாலை கடைக்கு ஓடிவந்தவர். வலது சப்பாத்தின்ரை அடி முன்பக்கம் பிளந்து, நடக்கேக்கை வாய் மாதிரித் திறந்து திறந்து மூடினது. ஆரோ போட்டுக் கழிச்ச சப்பாத்து அது. அவரின்ரை அளவுக்கு வேறை சோடி இருக்கேல்லையாம். 'அண்ணை, ஒட்டித் தாங்கோ, பத்து நிமிசம் இருக்கு' எண்டார். நான் அரத்தாலை தேச்சு, ஒட்டுற சொலூசன் பூசினன். சொலூசன் காயவேணும். பத்து நிமிசத்திலை காயாது. காயாமப் போட்டா முதல் அடியிலை கழண்டிடும். நான் பயந்திட்டன். அவர் எனக்குத் தைரியம் சொன்னார். நான் பழைய ரியூப் ஒண்டை நீட்டாக் கிழிச்சு, காலைச் சப்பாத்துக்குள்ளை விடச்சொல்லி, மூண்டு சுத்துச் சுத்தி முடிச்சுப் போட்டன். அதுதான் மாஸ்ரர் அந்தக் கறுப்புப் பட்டி. துக்கமும் இல்லை, நேர்த்தியும் இல்லை. சைக்கிள் ரியூப்.

"பிறகு நான் கடையைத் திறந்தபடி விட்டிட்டு மதிலிலை ஏறினன். பந்தைப் பாக்கேல்லை. அந்த முடிச்சைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். அவர் அந்த வலதுகாலாலைதான் அடிச்சவர். முடிச்சு கழரேல்லை.

"அடுத்த நாள் கடைக்கு வந்தார். பள்ளிக்கூடம் முழுக்கப் பட்டிக் கதைதான் எண்டு சொல்லிச் சிரிச்சார். 'அண்ணை, சொல்லிப்போடாதேங்கோ. அவங்கள் கட்டிக்கொண்டு திரியட்டும்' எண்டார். இவ்வளவு நாளும் நான் சொல்லேல்லை. அவ்வளவுதான் மாஸ்ரர்."

எஞ்சினியர் நிற்பாட்டவில்லை. சக்கரங்கள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. கடைசியில் நானே கையை நீட்டிப் பொத்தானை அமத்தினேன்.

லிட்கம் எக்கவுண்டன்தான் முதலில் வாயைத் திறந்தார். "பொறும், பொறும். அப்ப போன வருசம் கல்லூரிக் கீதத்தை நாலு அடியும் பிழையில்லாமப் பாடினது நீர் ஒருத்தர்தானே ஐசே? நாங்கள் ரெண்டாம் அடியிலை முழுங்கினம்."

"நான் ஒவ்வொருநாளும் காலமை மதிலுக்கு இஞ்சாலை நிண்டு கேட்டனான்," என்றேன். "நீங்கள் உள்ளை நிண்டு வாயை அசைச்சிருப்பியள்."

டொக்டர் தேத்தண்ணி புரையேறச் சிரித்தார். தன் கழுத்துப்பட்டியைத் தூக்கிப் பார்த்து, "சைக்கிள் ரியூப். நானும் ஒண்டு கட்டி, அதுக்குக் கோயில் திருநீறு பூசினனான்," என்றார். அப்படியென்றால் அவரும் கடைக்கு வந்தவர்தான்.

எஞ்சினியர் சிரிக்கவில்லை. கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். நான் வெளிக்கிடும்போது வாசல்வரை வந்தார். "என்னட்டையாவது சொல்லியிருக்கலாமே அண்ணை," என்றார்.  கசெற்றில் என் பேச்சை வைத்திருப்பாரா, அழித்துவிட்டு அனுப்புவாரா என்று கேட்காமலே காரில் ஏறினேன்.

பிறகு மூன்று மாதம் ரெலிபோன் அடிக்கவில்லை. அடித்தால் பயப்படுகிற நான் அடிக்காததற்கும் பயந்தேன். கழுத்துப்பட்டியைக் கழுவி, அயன் பண்ணி, ஒரு பையில் போட்டு, வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன், கண்டால் திருப்பிக் கொடுக்க. மனைவி ஒவ்வொரு கிழமையும் அந்தப் பையை எடுத்து அலுமாரிக்குள் வைப்பாள். நான் திரும்ப எடுத்து வெளியில் வைப்பேன்.

எனக்கு வேறொரு கவலையும் இருந்தது. கசெற்றில் நான் எல்லாவற்றையும் சொல்லவில்லை. ஒன்றை விட்டுவிட்டேன். முடிச்சுக் கழன்றுவிடும் என்ற பயத்தில் நான் அந்த ரியூப்பை அளவுக்கு மிஞ்சி இறுக்கிவிட்டேன். அடுத்த நாள் அவன் கடைக்கு வந்தபோது காலைத் தூக்கிக் காட்டினான். புறங்காலில் மூன்று வரி, நாவல்பழ நிறத்தில்.  ஒரு காலை, அப்படிப்பட்ட ஒரு காலை, நான் பழுதாக்கிவிட்டேனோ என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். அவன் அதன்பிறகு பெரிய மட்ச் ஆடவில்லை. படிப்பு முடிந்துவிட்டது, அதனால் ஆடவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தாலும் யோசிப்பேன்.

வசந்தம் பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எஞ்சினியர் நேரிலேயே வந்தார். ஒரு கையில் நீல நிற விமானக் கடிதம். மற்றக் கையால் மகளின் சின்னச் சைக்கிளைக் காரிலிருந்து இறக்கினார்.

"செயின் கழண்டு கழண்டு போகுது அண்ணை," என்றார். "பாக்கிறியளோ?"

நான் ஓடிப்போய்ப் பையை எடுத்து நீட்டினேன். உள்ளே பார்த்துவிட்டு, "இதை ஏன் தாறியள்?" என்று என் கையிலேயே திணித்தார். "மாஸ்ரர் உங்களுக்குத்தான் அரைக் கடிதம் எழுதியிருக்கிறார். எனக்கு ரெண்டு வரி. அதுவும் கூகைக்கட்டு."

கடிதத்தை வாசித்தேன். பெரிய எழுத்து, ஒரு பக்கத்தில் பத்து வரிதான் கொள்ளும். எஞ்சினியருக்கு எழுதியது இது: "நீர் அன்று கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கவில்லை. கன்னம் வீங்கி, கூகைக்கட்டோடு வீட்டில் கிடந்தீர். லீவுக் கடிதத்தில் கையெழுத்திட்டவன் நான்."

"நான் கண்ணாலை கண்டனான் அண்ணை," என்றார் எஞ்சினியர். "வலை பொங்கினது இப்பவும் தெரியுது."

"நீங்கள் கண்டிருப்பியள்," என்றேன். பொய் என்று எனக்குப் படவில்லை. பத்து வருடமாக அவர் அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறார்.

மிச்சம் எனக்கு எழுதியிருந்தது.

"சைக்கிள் கடைத் தம்பிக்கு. உமது குரலை மகளைக் கொண்டு நாலு தரம் போடுவித்துக் கேட்டேன். அன்று இரவு அவன் வலது காலைச் சாய்த்து நடந்து வந்து சோற்றுக்கு இருந்தான். பந்துக்குப் போனால் இப்படித்தான் என்று சொன்னேன். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அவனுக்கு நொந்ததா? அந்தச் சப்பாத்து அவனுடைய பெட்டியில் இருக்கிறது. முடிச்சை அவிழ்க்காமல் காலை இழுத்து எடுத்திருக்கிறான். நான் அதை அவிழ்ப்பதா, அப்படியே விடுவதா? கட்டியவர் நீர். அதனால் கேட்கிறேன்."

நான் கடிதம் எழுதுகிறவன் அல்ல. வீட்டுக்குக்கூட மனைவிதான் எழுதுவாள். நான் அடியில் பெயர் போடுவேன். அதுவும் முப்பது வருடம் சிவப்பு மையோடு இருந்த தமிழ் மாஸ்ரருக்கு. மனைவி தான் எழுதித் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். எஞ்சினியர் மகளின் சைக்கிள் செயினை இறுக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, குசினி மேசையில் இருந்து எழுதினேன். நாலு தாள் கிழித்தேன். ஐந்தாவதில் எழுதியது இவ்வளவுதான்.

"மாஸ்ரர் அவர்களுக்கு. நொந்தது. நான் கூட இறுக்கிப்போட்டேன். அதைக் கசெற்றில் சொல்லப் பயந்து விட்டுவிட்டேன். அடுத்த நாள் காலில் மூன்று வரி காட்டினார். நான் அழுகிற நிலையில் நின்றேன். அவர் என் தோளில் தட்டி, அண்ணை, ஒரு வால்வையும் வைத்துக் கட்டியிருந்தால் இடையில் காற்றடித்துக்கொண்டு இன்னும் ரெண்டு கோல் போட்டிருக்கலாம் என்று சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். கடைக்குள் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாய்த்துச் சாய்த்துத்தான் சைக்கிளில் ஏறிப் போனார்.

"முடிச்சை அவிழ்க்க வேண்டாம். இத்தனை வருட ரப்பர் சப்பாத்துத் தோலோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் தோலும் சேர்ந்து உரியும். எண்ணெய் பூச வேண்டாம், ரப்பர் கரையும். முகத்துக்குப் போடுகிற பவுடர் கொஞ்சம் தூவி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அப்படி வைத்தால் கனகாலம் இருக்கும்."

எழுதி ஒட்டிய பிறகு, மகனைப் பறிகொடுத்த ஒரு மனிதருக்கு அந்த வால்வுக் கதையை எழுதியிருக்கலாமா என்று யோசிக்கத் தொடங்கினேன். ஆவி பிடித்து ஒட்டைப் பிரிக்கலாம் என்று கேத்திலை அடுப்பில் வைத்தேன். மனைவி வேலைக்கு வெளிக்கிட்டு வந்தவள் அடுப்பையும் பார்த்தாள், என் கையையும் பார்த்தாள். கடிதத்தை வாங்கித் தன் வெள்ளை யூனிபோர்ம் பொக்கற்றுக்குள் வைத்தாள்.

"தேத்தண்ணி போட்டுக் குடியுங்கோ," என்றாள். "தண்ணி கொதிக்குது."